பெட்டியடிப் பையனும் முன்பணமும்

கேள்வி: பொதுக் காரியங்களுக்காக நாங்கள் செலுத்தும் எங்கள் ஊர்ப் பொது மகமை நிதியில் ஒரு பகுதியை, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஏழைப் பையன்களின் தொழிற்படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது அரசாங்கத்தின் வேலை அல்லவா? நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அல்லாதவர்களுக்குச் செலவழித்தாலும், தொழில் கைக்கு வந்ததும் ஊரை விட்டுப் போய்விடுவார்களே? என் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டைப் பராமரிக்கவே இங்கு ஆள் இல்லை.
– வாசகர் ஒருவர், தேவகோட்டை.

பதில்: உங்கள் கடிதத்தில் ‘நம் பிள்ளைகள்’ என்பது இரண்டு முறை வருகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐயாக்கள் காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையன்களாக, அதாவது கடைநிலை உதவியாளர்களாக, போனவர்களில் பலர் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள். பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி (துணைப் பொறுப்பாளர்), மேலாளாகி (கடைப் பொறுப்பாளர்), பிறகு தனிக்கடை வைத்தவர்களும் அவர்களில் உண்டு. மூன்றாண்டுத் தவணைப் பணியான ‘கணக்கு’க்குப் புறப்படும் மேலாளின் வீட்டுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் தர்மம் என்று எவரும் சொல்லவில்லை. தொழிலுக்கான செலவு என்றே வைத்துக்கொண்டார்கள். இன்று மட்டும் அது எப்படித் தர்மமாயிற்று?

அந்த ஏற்பாடு புள்ளிகளுக்குள்ளேயே, அதாவது நகரத்தார் குடும்பங்களுக்குள்ளேயே, நின்றுவிட்டது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. அந்த வேலியைத் தாண்டியவர் கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதோடு நில்லாமல், மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953இல் அது திறக்கப்பட்டது. அந்த 15 லட்சத்தில் எத்தனை குடமுழுக்குகள் நடத்தியிருக்கலாம் என்று அன்றைக்கும் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

அரசு தன் பங்கைச் செய்துதான் வருகிறது. புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால் இரண்டுமே மேற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு உரியவை. தேர்வு முடிவு வந்த நாளுக்கும் சேர்க்கை நாளுக்கும் இடையிலுள்ள சில வாரங்களில்தான் பையன் கைநழுவிப் போகிறான். ஆத்தங்குடியில் பூவேலைத் தரைக்கல் போடும் பட்டறை ஒன்றில் அப்படி ஒருவனைப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் வைத்த அச்சுக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் பச்சையும் சிவப்பும் ஊற்றிக்கொண்டிருந்தான். ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் சேர நினைத்தானாம். வருமானச் சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்த அந்த வாரத்திலேயே, அக்காளின் பிரசவச் செலவுக்காக மேஸ்திரியிடம் வீட்டார் முன்பணம் வாங்கிவிட்டார்கள். கடன் அடையும் வரை அவன் அங்கேதான். (கல் போடுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை, அவன் தேர்ந்துகொண்ட வேலை அதுவன்று, அவ்வளவுதான்.) ஒரு முன்பணம் பையனை ஆளாக்கியது, இன்னொன்று கட்டிப்போட்டது, உங்கள் மகமை நிதி செய்ய வேண்டியது, மேஸ்திரிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவதும், சான்றிதழுக்கு அலைய ஒரு பெரியவரைத் துணைக்கு அனுப்புவதுமே.

ஊரை விட்டுப் போய்விடுவார்களே என்கிறீர்கள். போகட்டுமே. உங்கள் ஐயா எங்கே இருந்து சம்பாதித்து அந்த வீட்டைக் கட்டினார் என்பதை நீங்கள் எழுதவில்லை. முகப்பில் நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.