எடிசன் அலைவரிசை டெக்சாஸில் ஏன் விழுகிறது?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறேன். ஸ்கேனரை (வானொலிப் பேச்சுகளைப் பிடித்துக் கேட்கும் கருவி) தேடவிட்டால் பல அலைவரிசைகளில் பேச்சு கேட்கிறது, யாருடையது என்று தெரிவதில்லை. அமெரிக்காவில் அலைவரிசை உரிமம் வழங்கும் அமைப்பான எஃப்சிசியின் உரிமத் தரவை இறக்கி, எங்கள் மிடில்செக்ஸ் கவுன்டிக்குரிய உரிமங்களைப் பிரித்து வரைபடத்தில் போட்டேன். பாதிப் புள்ளிகள் டெக்சாஸ், ஒஹையோ பக்கம் போய் விழுகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் வரைபடத்தில் போட்டது உரிமதாரரின் அஞ்சல் முகவரி. கடைத்தொடர் ஒன்று எடிசன் கிளைக்கு வாக்கி டாக்கி உரிமம் வாங்கினாலும், பதிவாவது தலைமையகத்தின் முகவரிதான். அது டெக்சாஸில் இருந்தால் புள்ளியும் அங்கேதான் விழும். முகவரியை விட்டுவிட்டு, ஆன்டெனா நிற்கும் இடத்தை எடுக்க வேண்டும்.

நீங்கள் இறக்கிய தனியார் தரைவழி வானொலித் தொகுப்பில் பல கோப்புகள் இருக்கும். எல்லாமே செங்குத்துக் கோட்டால் புலங்கள் பிரிக்கப்பட்ட உரைக் கோப்புகள். உரிமத்தின் நிலை எச்டி (HD) கோப்பில், பெயரும் முகவரியும் ஈஎன்னில் (EN), இடம் எல்ஓவில் (LO), அலைவரிசை எஃப்ஆரில் (FR), எந்த வகைச் சிக்னல் என்று காட்டும் உமிழ்வுக் குறியீடு ஈஎம்மில் (EM). எக்செலில் திறக்கப் பார்க்காதீர்கள், திணறிவிடும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது இவற்றை இணைக்கும்போதுதான். அழைப்புக்குறியை (ஒவ்வொரு உரிமத்துக்கும் உள்ள தனி அடையாளம்) மட்டும் வைத்து எல்ஓவையும் எஃப்ஆரையும் இணைத்தால், ஒரே உரிமத்தில் மூன்று இடங்களும் நான்கு அலைவரிசைகளும் இருக்கும்போது பன்னிரண்டு வரிகள் கிடைக்கும். அதாவது ஒவ்வொரு அலைவரிசையும் ஒவ்வொரு கோபுரத்திலும் இருப்பதுபோல் வரைபடம் பொய் சொல்லும். அழைப்புக்குறியோடு இட எண்ணையும் சேர்த்து இணையுங்கள். அதற்கு முன்பே எச்டியில் நிலை 'ஏ' என்றிருப்பவற்றை மட்டும் வடிகட்டிவிடுங்கள். ரத்தானவையும் காலாவதியானவையும் ஒதுங்கிவிடும்.

இடம் பாகை, நிமிடம், விநாடி எனத் தனித்தனிப் புலங்களில் இருக்கும். 40 பாகை 31 நிமிடம் 7 விநாடி வடக்கு என்றால் 40 + 31/60 + 7/3600, அதாவது 40.5186. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி கட்டாயம்: 74 பாகை 24 நிமிடம் 43 விநாடி மேற்கு என்பது −74.4119. குறியை விட்டால் எடிசனின் புள்ளி கிர்கிஸ்தான் மலைகளில் போய் நிற்கும்.

சில இடங்களுக்கு ஆயத்தொலைவே இருக்காது. பிழை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். 'இடம் 1-ஐச் சுற்றி 32 கி.மீ.' என்பதுபோல் கைக்கருவிகளும் வண்டிகளும் இயங்கும் பரப்பு அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அதை வட்டமாக வரையுங்கள்.

அடுத்து நிலைய வகை. எஃப்ஆர் கோப்பில் எஃப்பி2 என்றால் ரிப்பீட்டர் (கைக்கருவியின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்), எஃப்பி என்றால் தளநிலையம், எம்ஓ என்றால் கைக்கருவியும் வண்டிக் கருவியும். ஸ்கேனருக்கு முதலில் வேண்டியது எஃப்பி2. 450–470 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வழக்கமாக ரிப்பீட்டர் கீழ் அலைவரிசையில் பேசும், கைக்கருவி அதைவிட 5 மெகாஹெர்ட்ஸ் மேலே பேசும். ஆகவே 461-இல் ஒலிபரப்பும் ரிப்பீட்டருக்கு இணை 466-இல் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது 461. உயரத்தில் ஆன்டெனா இருப்பதால் அதுதான் தெளிவாக வரும்.

உமிழ்வுக் குறியீட்டையும் பாருங்கள். 11கே2எஃப்3ஈ என்றால் சாதாரண அனலாக் குரல், எந்த ஸ்கேனரிலும் கேட்கும். 7கே60எஃப்எக்ஸ்ஈ என்றால் டிஎம்ஆர், 8கே10எஃப்1ஈ என்றால் பி25. இவ்விரண்டும் டிஜிட்டல் குரல் முறைகள், இவற்றுக்கு டிஜிட்டல் ஸ்கேனர் வேண்டும். இதைக் கவனிக்காததால்தான் பலர் கர்ரென்ற இரைச்சலைக் கேட்டுவிட்டுக் கருவி பழுது என்று முடிவுகட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்தபின் கையில் இருப்பது அனுமதிகளின் வரைபடம்தான். உரிமம் பொதுவாகப் பத்தாண்டுக்கானது. கடை மூடியபின்னும் பதிவு உயிரோடு இருக்கலாம். சிடிசிஎஸ்எஸ் டோன் (ஒரே அலைவரிசையில் ஒரு குழுவைப் பிரித்துக் காட்ட, பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி), டிஎம்ஆர் கலர் கோட் (டிஜிட்டலில் அதே வேலையைச் செய்யும் எண்), குறியாக்கம் உண்டா என்ற விவரம் எதுவும் அதில் கிடையாது. எனவே அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி வைத்து, கேட்ட தேதி, டோன், பேச்சில் வந்த இடப்பெயர் ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். ஒரே அலைவரிசையை இரண்டு நிறுவனங்கள் பகிரும் இடங்களில் டோன்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால் உரிமத் தரவைவிட மதிப்புள்ளது இந்தப் பத்திதான்.

கேட்டும் வரைபடத்தில் அகப்படாதவை இருக்கும். எஃப்பிஐ, ராணுவம் போன்ற கூட்டாட்சி அமைப்புகளின் அலைவரிசைகளை என்டிஐஏ என்ற வேறோர் அரசு அமைப்பு நிர்வகிக்கிறது, எஃப்சிசி தரவில் அவை வராது. 151.820, 154.570 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஐந்து மர்ஸ் தடங்களுக்கு (யாரும் குறுந்தூரப் பேச்சுக்குப் பயன்படுத்தக்கூடியவை) உரிமமே தேவையில்லை. காவல்துறை, தீயணைப்பின் 700, 800 மெகாஹெர்ட்ஸ் டிரங்கிங் அமைப்புகளுக்கு (பல குழுக்கள் சில அலைவரிசைகளை மாறி மாறிப் பகிர்பவை) இந்த வழியில் மெனக்கெட வேண்டாம். எஃப்சிசி தருவது வெறும் அலைவரிசைகளை மட்டுமே, எந்தக் குழு என்று காட்டும் டாக்குரூப் எண்களை ரேடியோரெஃபரன்ஸ் இணையதளத்தில்தான் தேட வேண்டும். உரிமத் தரவு உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கும் இடம் பள்ளிப் பேருந்து, மருத்துவமனைக் காவலர், கிடங்கு, வணிக வளாகம் ஆகியவைதான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். செல்பேசி உரையாடலை ஒட்டுக்கேட்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், குறியாக்கத்தை உடைப்பதும் கூடாது. பக்கத்திலேயே இருக்கும் நியூயார்க் மாநிலத்தில், காவல்துறை அலைவரிசைகளைப் பிடிக்கும் கருவியை அனுமதியின்றிக் காரில் பொருத்தி ஓட்டக்கூடாது. அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. லண்டனில் உள்ள உறவினர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கைச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே அலைவரிசைகளை நிர்வகிக்கும் ஆஃப்காம் உரிமப் பதிவேட்டை வெளியிட்டாலும், தமக்கென்று அனுப்பப்படாத செய்தியைக் கேட்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.