அப்பாவுக்குக் காது மந்தம்: மருத்துவர் கண்ணில் ஏன் படவில்லை?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் வசிக்கும் என் தந்தைக்கு 69 வயது. கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர், நீரிழிவும் உண்டு. தொலைக்காட்சியை அடுத்த வீடு வரை கேட்கும்படி வைக்கிறார். சொன்னால், நாங்கள்தான் வாய்க்குள் முணுமுணுக்கிறோம் என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலதுறை மருந்தகம் சென்றும், அங்கு யாரும் காதைப் பற்றிப் பேசியதில்லை. இது அவ்வளவு அரிதான குறையா?

பதில்: அரிதே அன்று. 60 வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க வருவோரில் பெரும்பாலோர் முதியோர் என்பதால், உங்கள் தந்தையின் வரிசையிலேயே அவரைப் போல் இன்னும் சிலர் அமர்ந்திருப்பார்கள்.

அப்படியிருந்தும் அது மருத்துவர் கண்ணில் படாததற்குக் காரணம், மருத்துவர் அறைதான். காத்திருக்கும்போது எண் திரையில் தெரிகிறது. உள்ளே கதவு மூடியிருக்கிறது. மருத்துவர் ஒரு மீட்டர் தொலைவில் முகம் பார்த்துப் பேசுகிறார். காது மந்தமானவர் நன்றாகச் சமாளிக்கக்கூடிய இடம் அதைவிட வேறில்லை. நானும் ஏமாந்திருக்கிறேன். "எத்தனை நாளாக இருமல்?" என்று கணினியைப் பார்த்தபடியே நான் கேட்க, ஒரு பெரியவர் "ஆமாம் டாக்டர்" என்றார்; அதற்கு முன் பல முறை அவர் தலையாட்டியதை, புரிந்துகொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முணுமுணுப்பதாக உங்கள் தந்தை சொல்வதும் பொய்யில்லை. வயதும் பட்டறை இரைச்சலும் உட்செவியின் நுண்மயிர் அணுக்களை அழிக்கும்போது, முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். உயிரொலிகள் ஓரளவு கேட்கும், வல்லின மெய்கள் நழுவிவிடும். 'காலை' என்பதில் 'ஆலை' மட்டும் காதில் விழுந்தால், மாத்திரையை மாலையில் போட்டுக்கொள்ளவும் கூடும். கத்திப் பேசுவது இதற்குப் பயன்படாது. முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் செவித்திறன் குறைவு ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதையும் கருதினால், அவருக்குக் காரணங்கள் மூன்று.

அடுத்த முறை நீங்களும் உடன் சென்று, வீட்டில் நடப்பதை நீங்களே சொல்லுங்கள். வெறும் குறும்பி அடைப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். (எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் பஞ்சுக்குச்சி விடுவதும் வேண்டாம்.) இல்லையெனில் செவித்திறன் அளவீட்டுக்கு அனுப்புவார்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் செவி, கண், வாய் மூன்றையும் சோதிக்கும் 'புரோஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' திட்டமும் 2018 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. செவித்துணைக் கருவியின் விலையை நினைத்துத் தயங்க வேண்டாம். தகுதியுள்ள முதியோருக்கு அரசாங்க உதவி 90 விழுக்காடு வரை கிடைக்கிறது. ஆனால் கருவி பொருத்திய முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலூட்டும். பலர் அப்போதே அதை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். நிபுணரிடம் திரும்பச் சென்று அளவைச் சரிசெய்துகொள்வதும் சிகிச்சையில் அடங்கும்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: ஒரு காது திடீரென, ஓரிரு நாளில் கேட்காமல் போனால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.