திறனறித் தேர்வில் மெக்கானிக்கல் பகுதி: எங்கே தொடங்குவது?

"இயற்பியலில் என் மகளுக்குச் சுமாரான மதிப்பெண்தான். திறனறித் தேர்வில் மெக்கானிக்கல் பகுதி வேறு இருக்கிறதாம், தேறுவாளா?" என்று கேட்டிருந்தீர்கள். இது இயற்பியல் பரீட்சை இல்லை. வரையறை எழுதச் சொல்ல மாட்டார்கள், பெரிய கணக்கும் வராது. ஒரு படத்தைக் கொடுத்து, எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றும், யாருக்குப் பாரம் அதிகம் என்று கேட்பார்கள். 1940இல் வந்த பென்னட் தேர்விலிருந்து (இந்த வகையில் பெயர்பெற்ற மெக்கானிக்கல் திறனறித் தேர்வு அது) பாணி இதுதான். அதன் இரண்டாம் பதிப்பில் 55 கேள்விகள், 25 நிமிடம். ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. சூத்திரத்தை யோசித்து எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

அவள் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுதான். எளிய இயந்திரம் எதுவும் செய்ய வேண்டிய வேலையைக் குறைப்பதில்லை. விசை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் கூடும். 60 கிலோ பெட்டியை 1 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, 3 மீட்டர் நீளச் சாய்தளத்தில் தள்ளினால், உராய்வை விட்டுவிட்டால், 20 கிலோவைத் தூக்கும் விசை போதும். ஆனால் மூன்று மடங்கு தூரம் தள்ளியாக வேண்டும். திருகாணியும்கூடத் தண்டைச் சுற்றிய சாய்தளம்தான். நெம்புகோலில் ஆதாரப்புள்ளியிலிருந்து அரை மீட்டரில் 60 கிலோ இருந்தால், மறுபக்கம் ஒன்றரை மீட்டரில் 20 கிலோ வைத்தால் சமநிலை வரும். நெம்புகோல் வகைகளைக் கேட்டால், நடுவில் இருப்பது எது என்று மட்டும் பார்க்கட்டும். ஆதாரம் என்றால் முதல் வகை (கத்தரிக்கோல்), பளு என்றால் இரண்டாம் வகை (ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி), திறன், அதாவது நாம் கொடுக்கும் விசை, என்றால் மூன்றாம் வகை (இடுக்கி).

கப்பிப் படங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கப்பிகளை எண்ணுவதுதான் காரணம். எண்ண வேண்டியது, பளுவோடு சேர்ந்து நகரும் கப்பியைத் தாங்கும் கயிறுகளை. நான்கு கயிறுகள் தாங்கினால் 80 கிலோவுக்கு 20 கிலோ அளவு இழுத்தால் போதும், பளு 1 மீட்டர் ஏற 4 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். மேலே ஒரு கப்பியைச் சுற்றிவந்து கீழ்நோக்கி இழுக்கும் முனை இந்த எண்ணிக்கையில் சேராது. அது திசையை மட்டும் மாற்றுகிறது. உத்தரத்தில் பொருத்திய ஒற்றைக் கப்பியும் அப்படித்தான், பாரத்தைக் கொஞ்சமும் குறைக்காது. "கப்பி இருந்தால் பாரம் குறையும்" என்ற நினைப்பை நம்பித்தான் அந்தக் கேள்வியே போடப்படுகிறது.

அடுத்து பற்சக்கரம். அடுத்தடுத்து மாட்டிய சக்கரங்கள் எதிரெதிர் திசையில் சுற்றும். அதனால் வரிசையில் 1, 3, 5ஆம் சக்கரங்கள் ஒரே திசை. விரல்விட்டு எண்ணினால் போதும். 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுழற்றினால், பெரியது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும், சுழற்றும் விசை மூன்று மடங்காகும். நடுவில் இன்னொரு சக்கரத்தைச் செருகினால் திசை மாறும், அந்த விகிதம் மாறாது. அதற்கு எத்தனை பல் என்று கொடுத்திருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். மூன்று சக்கரங்களும் ஒன்றையொன்று தொட்டு முக்கோணமாக இருந்தால், எதுவுமே சுற்றாது! நேரான பெல்ட்டும் சங்கிலியும் ஒரே திசையில் சுற்ற வைக்கும், குறுக்காக மாட்டிய பெல்ட் திசையை மாற்றும்.

திரவ அழுத்தத்தில் ஒரு பொறி உண்டு. திரவத்தால் இணைந்த இரண்டு பிஸ்டன்களின் விட்டம் 2 செ.மீ., 6 செ.மீ. என்று இருந்தால் விசை மூன்று மடங்கு என்று சட்டென்று குறித்துவிடுவார்கள். அழுத்தம் எங்கும் ஒன்றுதான், ஆனால் விசை பரப்பைப் பொறுத்தது. விட்டம் மூன்று மடங்கென்றால் பரப்பு ஒன்பது மடங்கு. விடை 9. ஸ்பிரிங் கேள்விகள் குறைவுதான்: ஒரே மாதிரி இரண்டை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் மொத்த நீட்சி இரட்டிப்பு, பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பாதி.

சரி, எப்படிப் பழகுவது? என் அனுபவத்தில், இந்தப் பகுதியில் பின்தங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரையே கையில் எடுக்காதவர்கள். இன்னொரு வழிகாட்டிப் புத்தகம் வாங்குமுன் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கொடுங்கள். முன்பக்கம் 48 பல், பின்பக்கம் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்று அவளே எண்ணட்டும். கியர் சைக்கிள் என்றால், மேட்டில் ஏறப் பின்னால் எந்தச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும், ஏன் என்று கேளுங்கள். "காலுக்கு லேசாக இருக்கும், ஆனால் அதிகம் மிதிக்கணும்" என்று பதில் வந்தால் மேலே சொன்ன கருத்து பிடிபட்டுவிட்டது.

அப்புறம் நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள். தவறிய கேள்விக்கு விடையைப் பார்க்குமுன் அந்தப் படத்தை அவளே வரைந்து, ஒவ்வொரு கயிற்றிலும் சக்கரத்திலும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். தேர்வு அறிவிப்பில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா என்றும் பார்த்துவிடுங்கள். கழிக்காவிட்டால் எதையும் காலியாக விடக்கூடாது. கழிப்பார்கள் என்றால், ஓரிரு விடைகளையாவது தள்ளிவிட முடிந்த கேள்விகளில் மட்டும் ஊகிக்கலாம்.