ஞாயிற்றுக்கிழமை நடுக்கம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு மூன்று வயது, ஐந்து கிலோ இருக்கும். இரண்டு மாதமாக அவ்வப்போது பின்னங்கால் வெடவெடவென்று நடுங்குகிறது. தோள் சதையும் காதும் துடிக்கின்றன. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. பெரும்பாலும் ஞாயிறு சாயந்திரம்தான் இப்படி வருகிறது. உண்ணித் தொல்லை தாங்காமல், மாட்டுக்குப் போடும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஞாயிறு காலையில் தவறாமல் குளிப்பாட்டுகிறோம். அம்மா குளிர் என்கிறார். பக்கத்து வீட்டில் வலிப்பு என்கிறார்கள், இரும்புச் சாவியைத் தயாராக வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேலூர் வெயிலில் குளிரா? அம்மா மன்னிக்கட்டும். சாவியைப் பூட்டுக்கே விட்டுவிடுங்கள். மனிதருக்கே அது வேலை செய்யாது.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். உடல் முழுக்க வரும் வலிப்பில் நாய்க்கு நினைவு இருக்காது. எச்சில் வழியும், இருந்த இடத்திலேயே சிறுநீர் போகும், தெளிந்த பிறகும் சுவரில் முட்டிக்கொண்டு திரியும். உங்கள் நாய்க்கு இதெல்லாம் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குச் சந்தேகம் அந்தக் குளியல் மேல்தான். காலையில் மருந்து, சாயந்திரம் நடுக்கம். மாட்டு உண்ணி மருந்துகள் பலவற்றில் டெல்டாமெத்ரின் மாதிரியான பொருள் இருக்கும். உண்ணியின் நரம்பை ஓயாமல் சுண்டவைத்துக் கொல்வது அதன் வேலை. அளவு மீறினால் நாயின் நரம்பையும் அப்படியே சுண்டும். மூடிக் கணக்கில் ஊற்றுகிறோம், நாய் ஈர முடியை நக்கிக்கொண்டே வெயிலில் படுத்திருக்கும். ஐந்து கிலோ உடம்புக்கு ஒரு மூடி கூடினாலும் அதிகம்தான். பூனை வளர்ப்பவர்கள் இந்த மருந்தின் பக்கமே போகக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

இந்த வாரமே நிறுத்துங்கள். மருந்து போட்ட பின் நடுக்கம் கண்டால், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பைக் கொஞ்சம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துவட்டுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். மருந்துப் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டர் கேட்பார். நடுக்கத்தைச் செல்போனில் வீடியோ எடுங்கள், நாள், நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் காலண்டரில் குறியுங்கள். கால்நடை மருத்துவர்களான எங்கள் மேஜை மேல் ஏறியதும் பயத்தில் எல்லா நாயும்தான் நடுங்கும். அதைப் பார்த்து நான் என்ன கண்டுபிடிப்பது?

குளியலை நிறுத்தி மூன்று வாரமாகியும் நடுக்கம் தொடர்ந்தால், காரணம் வேறு. உண்ணிக் காய்ச்சலும் நரம்பைத் தொடும், அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். சின்ன ஜாதிக் குட்டி வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி நடுங்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் தாய் நடுங்கினால் கால்சியம் குறைவாக இருக்கலாம். அது அன்றைக்கே ஊசி போட வேண்டிய அவசரம், காலையில் பார்க்கலாம் என்றிருக்க முடியாது. தூங்கும்போதும் ஒரே சதை தாளம் போடுவதுபோல் துடித்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நினைவுக்கு வரும், தடுப்பூசியால் தவிர்க்கக்கூடியது அது. மாடுகளுக்கான தடுப்பு மருந்து ராணிப்பேட்டையில் 1932-இலிருந்து தயாராகிறது. அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, நாய்க்கு வருடாந்திரத் தடுப்பூசி போடாமல் விடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

உண்ணிக்கு எடை பார்த்துத் தரும் மாத்திரைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கே நடுக்கம் பக்கவிளைவு, அதனால் இந்தக் கதையை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும் உண்ணி அதிகம், அங்கேயும் பாருங்கள்.

நடுக்கம் ஐந்து நிமிடம் தாண்டி வலுத்தாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ ஞாயிறு என்று பார்க்காமல் கிளம்புங்கள். வாய்க்குள் மட்டும் கையை விடாதீர்கள்.