சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் செய்யும் ‘உளவியல் மதிப்பீடு’ என்றால் என்ன? வருஷங்கள் கழித்துச் செய்து என்ன பயன்?

உடம்புக் காயம் ஆறிய பிறகும் மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று, பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ பேசிப் பார்த்துப் பதிவு செய்வதுதான் அது. ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை (1999, திருத்தம் 2022) இதற்கு வழிகாட்டி. பொய்யா மெய்யா என்ற தீர்ப்பு அதில் வராது. சொன்னதும் அறிகுறிகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்றுதான் எழுதுவார்கள்.

நம் சத்தியமங்கலம் மலைப்பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீரப்பன் தேடுதலில் அதிரடிப்படை மீது மலைமக்கள் சொன்ன சித்திரவதைப் புகார்களை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் அந்த ஆணையம் 89 பேருக்கு நிவாரணம் பரிந்துரைத்தது. பணம் வந்துவிட்டால் மனம் ஆறிவிடுமா? வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் சொம்பை நழுவவிடுகிறவருக்கு, அது பழைய கதையே இல்லை.

காரணம், உயிர்பயத்தில் மூளை பல நேரம் நடந்ததை வரிசையாகச் சேமிப்பதில்லை. பூட்ஸ் சத்தம், பீடி நாற்றம் எனத் துண்டு துண்டாக வைத்துவிடுகிறது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது புரியும்: பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைத் தேடி, முடிச்சுப் போடவேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் துணியில் பழுது விழும். சிகிச்சையும் அப்படித்தான். முதலில் பாதுகாப்பு, தூக்கம், நம்பிக்கை. அப்புறம்தான் பேச்சு, அதுவும் அவர் வேகத்தில். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது என் பார்வையில் இன்னொரு விசாரணைதான்.

‘தேதியை மாற்றி மாற்றிச் சொல்கிறார், அப்படியானால் பொய்’ என்பார்கள். தேதி குழம்புவது இத்தகைய நினைவில் சகஜம், அதை வைத்து மட்டும் பொய் என்று சொல்லிவிட முடியாது.