பிரசங்கத்துக்க ஊர்க்கதை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நான் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னச் சபையில இடைக்கிடை பிரசங்கம் பண்ணுறனான். லூக்கா 15ல காணாமப்போன வெள்ளிக்காசு உவமைக்கு, ஓட்டோவில விட்டிட்டுப் போன பேர்ஸ ஓட்டோக்காரர் தேடி வந்து குடுத்த கதையச் சொன்னன். எல்லாருக்கும் பிடிச்சுது. ஆனா அடுத்த கிழமை கேட்டா கதை ஞாபகம் இருக்கு, வசனம் எது எண்டா முழிக்கிறாங்க. கதைய விட்டுடவா?
– உப்புவெளி வாசகர்

பதில்: விடாதீங்க தம்பி. கதை நல்ல கதைதான், ஆனா அது அந்த உவமைக்குரிய கதை இல்ல. லூக்கா 15:8ல அந்தப் பொம்பிள விளக்கைக் கொளுத்தி, வீட்டைக் கூட்டி, கிடைக்கிற வரைக்கும் தேடுறா, கிடைச்சதும் சிநேகிதிகளையும் அயல்வீட்டாக்களையும் கூப்பிட்டுச் சந்தோசப்படுறா. பாரம் முழுக்கத் தேடுற ஆளில இருக்கு, தேடுறது கடவுள் எண்டதுதான் விசயம். உங்கட கதையில பாரம் கண்டெடுத்தவரின்ட நேர்மையில இருக்கு. சனம் "நேர்மையா இருக்கவேணும்" எண்டு வீட்ட போயிருக்கு, அது நல்ல புத்திதான், ஆனா லூக்கா 15 அதைச் சொல்லேல்ல. இதுக்கு, கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில குளிக்கப் போன இடத்தில ஒரு தோட்டைத் துலைச்சிட்டு, கூட வந்த பெண்டுகள் எல்லாரும் குனிஞ்சு தேட, கடைசியில ஒரு கல்லிடுக்கில கண்டெடுத்துக் கத்தின மாதிரி ஒரு சம்பவம் உங்கட சபையிலயே ஆருக்கும் நடந்திருக்கும், கேட்டுப் பாருங்க.

அனேகமா என்ன நடக்குது எண்டா, சனிக்கிழமை ராவு கையில ஒரு கதை இருக்கும், அதுக்கு எந்த வசனம் பொருந்தும் எண்டு ஒத்தவாக்கியத்தை (எந்தச் சொல் வேதத்தில எங்க வருது எண்டு காட்டுற புத்தகம்) புரட்டிக்கொண்டு இருப்பம். அப்ப கதை எசமான், வசனம் எடுபிடி. முதல்ல பகுதிய வாசிச்சு அது என்ன சொல்லுது எண்டு கொப்பியில ஒரே ஒரு வரி எழுதுங்க, எழுத வரேல்ல எண்டா இன்னும் விளங்கேல்ல எண்டுதான் அர்த்தம், கதை தேடுறதுக்கு இன்னும் நேரம் வரேல்ல.

2 சாமுவேல் 12ஐ எடுத்துப் பாருங்க. தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராசாவிட்ட சொன்ன கதை நாலு வசனத்துக்குள்ள முடிஞ்சு போகுது. பணக்காரனிட்ட ஆடுமாடு எக்கச்சக்கம், ஏழையிட்ட ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, விருந்தாளி வந்த இடத்தில பணக்காரன் தன்ட மந்தையில கை வைக்காம ஏழையின்ட குட்டியப் பிடிச்சுச் சமைக்கிறான். தாவீதுக்குக் கோபம் வாற இடம் எதுவோ, உரியாவின்ட பெண்சாதியை எடுத்து அவர் செஞ்ச வேலையும் அச்சொட்டா அதே இடம்தான். எல்லாம் வச்சிருந்தவன் ஒண்டே ஒண்டு வச்சிருந்தவனிட்டப் பறிச்சது. அதால "நீயே அந்த மனுஷன்" எண்டதே போதும், கதைக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படேல்ல. கதை திரும்புற இடமும் வசனம் திரும்புற இடமும் ஒண்டா இருக்கவேணும், நான் பாக்கிறது இந்த ஒண்டத்தான். மிச்சமெல்லாம் பேச்சுத்திறமை.

நீளக்கதைதான் வேணும் எண்டும் இல்ல. எங்கட யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகர் டி.ரி. நைல்ஸ் (1908–1970), 1948ல அம்ஸ்ரடாமில உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கின பேரவையில பேசினவர், சுவிசேசம் சொல்லுறது எண்டா என்ன எண்டதுக்கு அவர் சொன்னது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் கிடைக்கிற இடத்தைச் சொல்லிக் குடுக்கிறது எண்டு. ஊர் இல்ல, பேர் இல்ல, மழை பெய்ஞ்சதா வெயில் எறிச்சதா எண்டும் இல்ல. இண்டைக்கும் உலகம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறாங்க.

கேள்வி: எங்கட போதகர் மத்தேயு 13ல வாற வலை உவமைக்குக் கரைவலைய உதாரணமாச் சொன்னார். வீட்ட வந்து அப்பா சிரிச்ச சிரிப்பு! "வலைய வீசினவர், வீசின கையோட இழுத்தும் போட்டார், அது வீச்சுவலை மகள்" எண்டார். இப்பிடித் தெரியாத தொழிலை உதாரணம் சொல்லத்தான் வேணுமா?
– திருக்கடலூர் வாசகி

பதில்: உதாரணம் அருமையான உதாரணம் தங்கச்சி, அவர் ஞாயிறுக்கு முதல் உங்கட அப்பாவிட்ட ஒரு பிளேன்ரீ குடிக்க வந்திருக்கவேணும், அவ்வளவுதான். மத்தேயு 13:47ல சொல்லுற வலை உண்மையிலயே கரைவலை சாதிதான். ஒரு கயித்து முனை கரையில நிக்க, வள்ளத்தில வலையக் கொண்டுபோய் வளைச்சுப் போட்டு, மற்ற முனையக் கரைக்குக் கொண்டு வந்து, ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுக்கிறது, மீன் சேருற மடி கடைசியாத்தான் கரையேறும். அதுக்குள்ள எல்லாச் சாதி மீனும் கிடக்கும். கலிலேயா நல்லதண்ணி ஏரி, எங்கட கொட்டியாரக்குடா உப்புக்கடல், மீன் வேற, ஆனா வேலை அதேதான், கரையில இருந்து கொண்டு நல்லதைக் கூடையில போட்டு ஆகாததை எறியிறது வரைக்கும்.

ஒரு இடத்தில மட்டும் கவனமா இருக்கவேணும். ஆகாத மீன் எண்டா எங்கட ஆக்கள் விலைபோகாத மீன் எண்டுதான் நினைப்பாங்க. யூத மீனவனுக்கு லேவியராகமம் 11 இருக்கு, செட்டையும் செதிலும் இல்லாத எதையும் சாப்பிட ஏலாது. செதில் இல்லாத கெளுறு அகப்பட்டா அவன் எறிஞ்சிடுவான், நாங்க புளி விட்டுக் குழம்பு வைப்பம். போதகர் கெளுறை ஆகாத மீன் எண்டு சொன்னா கேக்கிற ஆளின்ட மனசு குழம்புச் சட்டிக்குப் போயிடும். பேத்தை, சொறி எண்டு சொல்லட்டும், அதை எறியிறதில எங்களுக்கும் சந்தேகம் இல்ல.

இதைவிடப் பெரிய பிழை வேற ஒண்டு இருக்கு, அதைத்தான் நான் கன இடத்தில கேக்கிறன். "நீ நல்ல மீனா பேத்தையா?" எண்டு கேட்டிட்டு, பேத்தை ஆர் எண்டும் பிரசங்கியாரே மெல்ல விரல் நீட்டிக் காட்டுறது. 49ஆம் வசனத்தில நல்லவங்களையும் பொல்லாதவங்களையும் பிரிக்கிறது தேவதூதர், அதுவும் உலகத்தின்ட முடிவில. வலை தண்ணிக்குள்ள இருக்கிற நேரம் ஆரும் பிரிக்கிறேல்ல, பிரிக்கவும் ஏலாது, இழுக்கிறவன்ட வேலை இழுக்கிறது மட்டும். உங்கட அப்பா இதை அரை நிமிசத்தில சொல்லிடுவார். அம்பாப் பாட்டு பாடி எல்லாரும் சேர்ந்து இழுக்கிறதையும் நுழைச்சு ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆசை வரும், நல்ல படம்தான், ஆனா இந்த உவமையில அது இல்ல, வேற ஒரு நாளைக்கு வச்சிருக்கட்டும்.

கேள்வி: கழுகு 40 வயசில மலைக்குப் போய் அலகைப் பாறையில அடிச்சு உடைச்சு, நகத்தையும் இறகையும் பிடுங்கி, புதுசா முளைச்சு இன்னும் 30 வருசம் வாழும் எண்டு ஏசாயா 40:31க்குச் சொல்லுறாங்களே, உண்மையா?
– பாலையூற்று வாசகர்

பதில்: பொய். வட்ஸ்அப்பில வாறதுக்கு முதலே மேடையில ஓடின பொய். அலகு இல்லாத கழுகு சாப்பிடாமச் செத்துப்போகும், அலகும் நகமும் எங்கட நகம் மாதிரி வளந்துகொண்டே தேயும், இறகு கொஞ்சம் கொஞ்சமா விழுந்து முளைக்கும், மலையில போய் இருந்து பிடுங்குற வேலை ஒண்டும் இல்ல. ஏசாயாவும் வலியைத் தாங்கிப் புதுசாகிறதைப் பற்றிப் பேசேல்ல, கர்த்தருக்குக் காத்திருக்கிறவங்களுக்குப் பெலன் குடுக்கப்படுது, அவங்க கழுகு மாதிரி எழும்புவாங்க எண்டுதான் சொல்லுறார், தானாப் பிடுங்கி எடுக்கிற பெலன் இல்ல.

இதே சாதிதான் ஊசிக்கண் வாசல் கதையும். பணக்காரன் பரலோக ராச்சியத்தில போறதை விட ஒட்டகம் ஊசிக்கண்ணுக்குள்ள நுழையிறது லேசு எண்டு இயேசு சொன்னதுக்கு விளக்கமாச் சொல்லுறது. எருசலேமில அப்பிடி ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் பாரத்தை இறக்கி முழங்காலில போனா நுழையலாமாம். இயேசு காலத்தில அப்பிடி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே இல்ல. இருந்திருந்தா மத்தேயு 19ல இயேசுவின்ட சீஷர்கள் ஏன் அப்பிடித் திகைக்கிறாங்க? "மனுஷரால் இது கூடாததுதான்" எண்டு இயேசு ஏன் சொல்லுறார்? கஷ்டப்பட்டு நுழையலாம் எண்டு கதை சொல்லுது, நுழையவே ஏலாது எண்டு வசனம் சொல்லுது. விளக்க வந்த கதை வசனத்தைச் சாகடிச்சுப்போட்டுது.

கேள்வி: சுனாமியைப் பிரசங்கத்தில சொல்லலாமா? எங்கட வீட்டில ரெண்டு பேர் போனவங்க. நியாயத்தீர்ப்பு எண்டு ஒரு ஆள் மேடையில சொன்ன அண்டையில இருந்து அம்மா கோயிலுக்கு வாறேல்ல.
– நிலாவெளி வாசகி

பதில்: உங்கட அம்மாவை நான் குறை சொல்லமாட்டன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு வெளிக்கிட்டு நிண்ட ஆக்களும் போனாங்க, அதை இந்தக் கரையில ஆருக்கும் படிப்பிக்கத் தேவையில்ல.

இயேசுவும் அந்த நேரத்து ஊர்ச் செய்தியை எடுத்துப் பேசினவர், லூக்கா 13ஐ வாசிச்சுப் பாருங்க. சீலோவாமில கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனாங்க, அவங்க எருசலேமில இருந்த மற்ற எல்லாரையும் விடக் குற்றவாளிகள் எண்டு நினைக்கிறீங்களா எண்டு கேட்டு, இல்ல எண்டு அவரே சொல்லிடுறார். செத்தவங்களைப் பற்றி அதுக்கு மேல ஒரு சொல்லும் இல்ல. மனந்திரும்பச் சொன்னது உயிரோட நிண்டு கேட்டவங்களுக்கு, பிறகு உடனயே மூண்டு வருசம் காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருசம் குடுங்க எண்டு தோட்டக்காரன் கெஞ்சுற உவமை. அந்த மேடைக்காரர் கையில இருந்த வேதத்திலயே அவர் சொன்னதுக்கு நேர் எதிரா எழுதியிருக்கு. சுனாமியைச் சொல்லலாம், ஆனா சபையில அண்டைக்கு ஆர் இருக்கிறாங்க எண்டு தெரிஞ்சு சொல்லவேணும், உங்கட அம்மா மாதிரி ஆக்களுக்கு முதல் நாளே வீட்ட போய்ச் சொல்லிட்டு வரவேணும். அம்மாவுக்கு இந்தப் பகுதியை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, கோயிலுக்கு வரச்சொல்லி நெருக்கவேண்டாம்.

கேள்வி: நான் ஞாயிறு பாடசாலை ரீச்சர். கிண்ணியாப் பாலம் வாறதுக்கு முதல், பாதைப் படகில கடக்கிற காலம், எங்கட சித்தப்பா காய்ச்சலில சுருண்டு விழுந்த நேரம் முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் ஐயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கைக்காசு குடுத்து, விடியும்வரை நிண்டவர். நல்ல சமாரியனுக்கு இதைச் சொல்லலாமா? சிலர் முகம் சுழிப்பாங்களோ எண்டு பயம்.
– உவர்மலை வாசகி

பதில்: கட்டாயம் சொல்லுங்க ரீச்சர். முகம் சுழிக்கிறவங்களுக்காகத்தான் அந்த உவமையே சொல்லப்பட்டது, அடிபட்டுக் கிடந்த ஆளுக்கு உதவினது யூதர் வெறுத்த ஒரு சமாரியன். கதை முடிய, இயேசுவிட்டக் கேள்வி கேட்ட அந்த நியாயசாஸ்திரி வாயால "சமாரியன்" எண்டு கூட வரேல்ல, "இரக்கஞ்செய்தவனே" எண்டு சுத்தி வளைச்சுத்தான் சொல்லுறான். நாங்க சமாரியனை எங்கட சபை ஆளாவே ஆக்கிச் சொல்லிச் சொல்லி அந்த உவமையின்ட முள்ளை மழுக்கிப் போட்டம். காசு விசயத்தை விட்டிடாதீங்க, லூக்கா 10:35ல ரெண்டு பணம் குடுத்து, மேல செலவழிஞ்சா வரேக்க தாறன் எண்டும் சொல்லுறான். "முஸ்லிமா இருந்தும் உதவி செஞ்சார்" எண்ட சொல் மட்டும் வாயில வரப்படாது. அந்த ஐயா கடைசி வாங்கில வந்து இருந்தா கூச்சமில்லாமச் சொல்லக்கூடிய மாதிரிச் சொல்லுங்க. கண்டும் காணாமப் போன ஆக்களுக்கும் ஒரு சாதி, சமயம் ஒட்டவேண்டாம், இயேசு அந்த இடத்தில தன்ட சனத்தின்ட ஆசாரியனையும் லேவியனையும்தான் நிப்பாட்டினவர்.

கேள்வி: ஜெபத்துக்கு எண்டு நான் தனியச் சொன்ன வீட்டுப் பிரச்சினையப் பேர் சொல்லாமப் பிரசங்கத்தில சொல்லிட்டாங்க. சபை முழுக்க என்னையே பாத்துது.
– பெயர் வேண்டாம், மூதூர்

பதில்: சின்ன ஊரில பேர் சொல்லாம விடுறது மறைப்பே இல்ல. கேக்காமச் சொன்னது பிழை, கதை எவ்வளவு பொருத்தமா இருந்தாலும் பிழை. நேர போய்ச் சொல்லுங்க, தனியப் போகக் கஷ்டம் எண்டா ஒரு மூத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க.

கேள்வி: ஒரு கதை எவ்வளவு நேரம் போகலாம்?
– சீனக்குடா வாசகர்

பதில்: பாப்பரசர் பிரான்சிஸ் 2024ல மறையுரையே எட்டு நிமிசத்துக்கு மேல போகக்கூடாது எண்டவர், அப்ப கதைக்கு எவ்வளவு எண்டு நீங்களே கணக்குப் பாருங்க. எங்கட மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே ஆக்கள் எட்டு நிமிசத்தில அறிவித்தலையே முடிக்கமாட்டாங்க, அது வேற விசயம். கதையப் போனில பதிஞ்சு ஒருக்காக் கேளுங்க. பஸ் எத்தினை மணிக்கு வந்தது, எந்தச் சந்தியில ஏறினது, பக்கத்து சீற்றில ஆர் இருந்தது எண்டதெல்லாம் வெட்டலாம், விசயம் நடந்த இடத்தில இருந்தே தொடங்குங்க.