வருடாந்தத் தீப் பாதுகாப்புப் பரிசோதனை: கடை, மில், வகுப்பு வைத்திருப்போர் கேட்டவை

புதுக்குடியிருப்பு, ஹாட்வெயார் கடை: மூண்டு வருசத்துக்கு முதல் வாங்கின 6 கிலோ தீயணைப்புப் பவுடர் சிலிண்டர். முள்ளு இன்னும் பச்சையிலதான் நிக்குது. பிறகேன் சரிவராதெண்டு எழுதினவை?

பச்சை முள் உள்ளே அழுத்தம் இருக்கிறதென்று மட்டும்தான் சொல்லும். பவுடர் எப்படிக் கிடக்கிறதென்று சொல்லாது. அசையாமல் வருடக்கணக்கில் தொங்கும் சிலிண்டரில் பவுடர் அடியில் இறுகிவிடும். ஈரம் புகுந்திருந்தால் கட்டியாகவே ஆகிவிடும். அப்படியானதை அமத்தினால் காற்றுத்தான் சீறும். தலைகீழாகப் பிடித்துக் காதருகில் வையுங்கள். பவுடர் சரிந்து விழுவது கேட்க வேண்டும்.

அடுத்தது குழாய் வாய். எங்கள் பக்கத்தில் குளவி மண்கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. விரல்நுனி அளவு மண் போதும், பவுடர் வெளியே வராது. பிடியில் செருகிய பின்னும் சீலும் இருக்கின்றனவா, சேர்விஸ் அட்டையில் கடைசித் திகதி என்ன என்பதையும் பரிசோதகர் பார்ப்பார். சேர்விஸ் வருடத்துக்கு ஒருமுறை. பவுடர் சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதாக அடித்துக் காலியாக்கி, உட்புறம் பார்த்து, புதிதாக நிரப்புவது வழமை.

வேலை செய்கிறதா என்று பார்க்க 'சும்மா ஒருக்கா' அமத்த வேண்டாம். வால்வுக்குள் பவுடர் துகள் சிக்கி, சில நாளில் அழுத்தம் முழுக்க இறங்கிவிடும். காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்கு முள்ளே இல்லை, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். வாயு நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுங்கள்.

கொழுவும் இடம் கதவருகில், கைபிடி ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில். சீமெந்துப் பைக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் இல்லாததற்குச் சமன்.

மாங்குளம், சாப்பாட்டுக்கடை: நாலு காஸ் சிலிண்டரும் குசினிக்குள்ளதான். வெளியில வைச்சாக் களவு போகுமே?

வெளிச்சுவரோடு வலைக்கம்பிக் கூடு அடித்துப் பூட்டுங்கள். சுற்றிவர அடைத்த பெட்டி கூடாது. இந்த வாயு காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து வாய்க்காலிலும் பள்ளத்திலும் தேங்கும். அதனால் கூட்டின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், கான் பக்கத்தில் இருக்கக் கூடாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

குழாயை வளைத்துப் பாருங்கள்: வெடிப்புத் தெரிந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்றுங்கள். ரெகுலேற்றர் மூட்டிலும் குழாயின் இரு நுனியிலும் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா பாருங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த பிறகும் நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

வடை தாச்சி பற்றினால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அடுப்பை நிற்பாட்டி, தாச்சியை அசைக்காமல் மூடியால் அல்லது தீப்போர்வையால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

கிளிநொச்சி, ரியூசன் சென்ரர்: மேல்மாடியில வகுப்பு. பெடியள் நழுவுறாங்கள் எண்டு பின்படிக் கதவுக்கு ஆமைப்பூட்டு. அதையும் பிழை எண்டுகினம்.

பிழைதான், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆட்கள் உள்ளே இருக்கும்போது திறப்பில்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். தள்ளினால் திறக்கும் குறுக்குச் சட்டம் கதவில் போடுங்கள். நழுவுகிறவர்களைப் பிடிக்கக் கதவில் ஒரு மணியைப் பொருத்துங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவில் பத்துப் பிள்ளைகள் வந்து நெருக்கினால் யாராலும் இழுக்க முடியாது. படிக்குக் கீழ் மோட்டார்சைக்கிள் விடுவதையும் நிற்பாட்டுங்கள்.

அவசர விளக்கை மாதம் ஒருமுறை மின்னை வெட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மூன்று மணித்தியாலம் எரியவிடுங்கள். மட்கிய பற்றரி இருபது நிமிடத்தில் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வவுனியா, நெல் மில்: மில்லுக்க நெருப்பு எங்கால வரப்போகுது?

தூசியால். வளை மரங்களிலும் மோட்டர்க் கூட்டிலும் படியும் தவிட்டுத் தூசி, சூடான பெயாரிங்கிலோ சுவிட்ச் பொறியிலோ பற்றும். கொம்பிறசர் காற்றால் ஊதித் துப்பரவாக்குவதுதான் மிக மோசம்: படிந்த தூசி எரியலாம், காற்றில் எழும்பிய தூசி வெடிக்கும். மோட்டரை நிற்பாட்டி, மேலிருந்து கீழாகக் கூட்டி அள்ளுங்கள். உமி அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, உமிக் குவியலுக்குத் தூரத்தில் கொட்டுங்கள். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் உள்ளே கனன்று கிடக்கும் ஒரு தணல் போதும்.

பரந்தன், பலசரக்குக் கடை: புகைக் கருவி நிமிசத்துக்கு ஒருக்காக் 'கீச்' எண்டுது.

பற்றரி முடிகிறது. மாற்றியும் கத்தினால் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் புதிது வாங்குங்கள். குசினியென்றால் வெப்பக் கருவிதான் பொருத்தம்.

மல்லாவி, கல்யாண மண்டபம்: தீயணைப்பு வண்டி வரும்தானே, இவ்வளவும் ஏன்?

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. இப்போது கிளிநொச்சியிலேயே பிரிவு இருந்தாலும் மல்லாவிக்குத் தூரம் தூரம்தான். முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்.

வண்டி வந்தாலும் உள்ளே நுழைய வேண்டும். வண்டி ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலம். மண்டப வளைவின் உயரத்தையும் அளந்து வையுங்கள், பல வளைவுகள் பந்தல்காரரின் லொறிக்கே தாழ்வானவை. வண்டித் தண்ணீர் சில நிமிடங்களில் தீரும். அடுத்த நிரப்பலுக்குப் பவுசர் இறங்கக்கூடிய குளக்கரை அல்லது கிணறு எதுவென்று முன்கூட்டியே காட்டுங்கள். மாரியில் அந்தப் பாதை சேறாகுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.